உண்ணி ஒரு வீட்டுப் பிரச்னை அல்ல

மழைக்காலம் தொடங்கிவிட்டால், அரியலூர் மாவட்டம் ஆலத்தியூர், செந்துறை வட்டாரக் கிராமங்களில் இரண்டு பேச்சுகள் ஒருசேரக் காதில் விழும். மாட்டுக்கு உண்ணி ஏறிவிட்டது என்பது ஒன்று. உண்ணிக் காய்ச்சல் பரவுகிறதாம் என்பது மற்றொன்று. பெயர் ஒத்திருப்பதால், மாட்டு உண்ணிதான் மனிதருக்குக் காய்ச்சலைத் தருகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று.

மாட்டின் காது மடலிலும் மடியிலும் வாலடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிப்பது எட்டுக்கால் உண்ணி. சிலந்தி இனத்துக்கு உறவு. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, கொட்டகைச் சுவரின் வெடிப்புகளிலும் மண்ணிலும் 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். இரத்தம் குறைவது மட்டுமே இழப்பன்று. தைலேரியா, பேபேசியா, அனாபிளாஸ்மா போன்ற நோய்க் கிருமிகளையும் உண்ணிகள் பரப்புகின்றன. கடுங்காய்ச்சல், வீங்கிய நிணநீர்க் கணுக்கள், காபி நிறச் சிறுநீர், திடீரெனக் குறையும் பால் ஆகியவை இவற்றின் அறிகுறிகள். நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். கலப்பினப் பசுக்கள் எளிதில் சாய்ந்துவிடும்.

மனிதருக்கு வரும் உண்ணிக் காய்ச்சலோ 'ஸ்க்ரப் டைஃபஸ்' எனப்படும் பாக்டீரியா நோய். புதர்களிலும் எலிகள் நடமாடும் இடங்களிலும் வாழும் மைட் என்ற மிகச் சிறிய உயிரியின் இளம்பருவமே, கடிக்கும்போது இதைப் பரப்புகிறது. அது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. மாட்டுக்கு இதில் பங்கில்லை. தமிழகத்தின் 37 கிராமங்களில் ஏறத்தாழ 32,000 பேரைக் கண்காணித்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, கிராமப்புற மக்களில் ஆண்டுதோறும் 10 விழுக்காட்டினர் வரை இத்தொற்றுக்கு ஆளாகக்கூடும் என்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர். கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த புண் சிலருக்கு இருக்கும்; எல்லோருக்கும் இராது. டாக்ஸிசைக்ளின் என்னும் மலிவான மாத்திரை இதைக் குணப்படுத்தும். சாதாரணக் காய்ச்சல் என்று நாள்களைக் கடத்துவதே நுரையீரலையும் மூளையையும் பாதித்து உயிருக்கு உலை வைக்கிறது.

உண்மையான உண்ணிகள் மனிதரைத் தாக்கும் நோய்களும் இந்தியாவில் உண்டு. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் குரங்குகள் மடிந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் வனநோயும், 2011-இல் குஜராத்தில் உறுதிசெய்யப்பட்ட கிரிமியன்-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சலும் இவற்றில் முக்கியமானவை. ஆகவே உண்ணியை அற்பமாகக் கருத இயலாது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. ஒருவர் தம் மாட்டுக்கு மருந்து தெளித்தும் பக்கத்துக் கொட்டகை கவனிக்கப்படாவிட்டால், மேய்ச்சல் நிலத்தில் உண்ணி மீண்டும் ஏறிக்கொள்கிறது. செலவு செய்தவருக்கு முழுப் பயன் கிட்டுவதில்லை; செய்யாதவரோ தம்மால் பிறருக்கு நேரும் இழப்பை உணர்வதில்லை. இதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். பலன் கிட்டாதபோது, அதே மருந்தைக் கூடுதலாகவும் தவறான அளவிலும் தெளிப்பதால் உண்ணிகள் எதிர்ப்புத்திறன் பெறுகின்றன. ஒற்றைப் பசுவின் பால் பணத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இது இரட்டை இழப்பு.

கோமாரி நோய்க்கு ஊர் முழுவதும் ஒரே வேளையில் தடுப்பூசி போடுகிறோம். உண்ணிக்கும் அதே வழிதான் பயன்தரும். பால் கூட்டுறவுச் சங்கமும் ஊராட்சியும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து ஒரு நாளைக் குறிக்க வேண்டும். மாடு, ஆடு, நாய், கொட்டகைச் சுவர் என அனைத்துக்கும் மருத்துவர் சொன்ன அளவில் மருந்திட வேண்டும். முட்டையிலிருந்து வெளிவருபவை எஞ்சியிருக்கும் என்பதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் மருந்திட வேண்டும். சுவர் வெடிப்புகளைப் பூசுவதும் கொட்டகையைச் சுற்றியுள்ள புதரை அகற்றுவதும் ஊராட்சியின் தூய்மைப் பணியோடு இணைய வேண்டும். புதர் அகற்றினால் எலியும் மைட்டும் குறையும். ஒரே செலவில் மாட்டுக்கும் மனிதருக்கும் பாதுகாப்பு.

காய்ச்சலோடு வருபவரிடம், வயலிலோ முந்திரித் தோப்பிலோ வேலை செய்தீர்களா, உடலில் கருத்த புண் உண்டா என்று கேட்பது ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாக வேண்டும். கேள்விக்குச் செலவில்லை, கேட்காமல் விட்டால் ஒரு குடும்பம் தன் உழைப்பாளியை இழக்க நேரிடலாம்.