முதல் படகே விரைவுப் படகா?

நம் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் மனைவி மக்களோடு வாழ்கின்றனர். ஏரிக்கரையிலோ கடலோரத்திலோ வீடு அமைந்துவிட்டால், அண்டை வீட்டாரைப் பார்த்து நமக்கும் ஒரு படகு இருந்தால் என்ன என்ற ஆசை எழுவது இயற்கை. விற்பனை விளம்பரங்களைப் புரட்டும்போது, நீண்டு கூர்ந்த முகப்பும் பளபளக்கும் வண்ணமும் கொண்ட பழைய விரைவுப் படகு ஒன்று கண்ணில் படுகிறது. புதுப்படகின் விலையில் ஒரு சிறு பங்குதான் கேட்கிறார்கள். மணிக்கு 60 மைல் ஓடும் என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

வாசகர்களே, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் சில செய்திகளை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. இது பொழுதுபோக்குப் பொருள் பற்றிய பேச்சு மட்டுமன்று. அதில் ஏறி அமரப் போகும் உங்கள் குழந்தைகளைப் பற்றிய பேச்சுமாகும்.

பந்தயத்தில் பிறந்த வடிவம்

இப்படகுகளின் வரலாறு பந்தயத்தில் தொடங்குகிறது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரே ஹண்ட், அடிப்பாகம் முன்னிருந்து பின்வரை ஆழமான ‘வி’ வடிவில் அமைந்த படகை உருவாக்கினார். அவ்வடிவத்தில் கட்டப்பட்ட ‘மாப்பி’ என்னும் படகு, 1960ஆம் ஆண்டு மியாமியிலிருந்து நசாவு வரை நடந்த கடற்பந்தயத்தில், கொந்தளிக்கும் அலைகளிடையே வெற்றி பெற்றது. அதன்பின் மியாமியைச் சேர்ந்த டான் அரோனோ 1960களில் ஃபார்முலா, டோன்சி, மேக்னம், சிகரெட் ஆகிய நிறுவனங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி, அவ்வடிவத்தை உலகெங்கும் புகழடையச் செய்தார்.

தட்டையான அடிப்பாகம் அலைமீது மோதி அறையும். ஆழமான ‘வி’ வடிவமோ அலையைக் கத்திபோல் வெட்டிச் செல்லும். ஆனால் ஒவ்வொரு சிறப்புக்கும் ஒரு விலையுண்டு. நிற்கும்போது இப்படகு இருபுறமும் அதிகமாக ஆடும். மிக வேகமாகச் செல்லும்போது, அடிப்பாகத்தின் குறுகிய பகுதி மட்டுமே நீரைத் தொடுவதால், இடமும் வலமுமாகத் தள்ளாடத் தொடங்கும். பழகிய கை, எரிபொருளைச் சற்றே குறைத்தும் உந்தியின் சாய்வைத் திருத்தியும் இதை அடக்கிவிடும். பழகாதவரோ அஞ்சித் திடீரென வேகத்தைக் குறைப்பார். உடனே முகப்பு நீரில் அழுந்தும். படகு சுழன்று, உள்ளிருப்போரை வெளியே வீசும்.

பழகியவருக்கே கடல் எப்போதும் இணங்குவதில்லை. உலக விரைவுப் படகுப் பட்டம் வென்றிருந்த ஸ்டெஃபானோ காசிராகி, 1990 அக்டோபரில் மொனாக்கோ கடலில் தம் பந்தயப் படகு கவிழ்ந்து உயிரிழந்தார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 60 மைல் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். பின்னால் அழும் குழந்தையை மூன்று வினாடி திரும்பிப் பார்த்தால், படகு 80 மீட்டர் கடந்திருக்கும். காருக்கு இருப்பதுபோல் படகுக்குப் பிரேக் கிடையாது.

இரண்டு துயரங்கள்

2013 மே மாதம், இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்தில் பேட்ஸ்டோ என்னும் ஊருக்கருகே, தாயும் தந்தையும் நான்கு குழந்தைகளும் விரைவுப் படகில் உலாவினர். அதன் இயந்திரம் 300 குதிரைத்திறன் கொண்டது. ஒரு திருப்பத்தில் அறுவரும் நீரில் வீசப்பட்டனர். ஆளில்லாத படகு நிற்காமல் வட்டமிட்டுச் சுற்றி வந்து, நீரில் தத்தளித்தவர்களையே தாக்கியது. தந்தையும் 8 வயது மகளும் இறந்தனர்; தாயும் சிறுவன் ஒருவனும் படுகாயமுற்றனர். ஓட்டுபவரின் உடலில் கட்டியிருக்க வேண்டிய நிறுத்துக் கயிறு கட்டப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அவர் விழுந்த மறுகணமே இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டிய கயிறு அது.

2015 டிசம்பர் இரவில், லண்டன் தேம்ஸ் ஆற்றில் பழைய விரைவுப் படகொன்று கவிழ்ந்தது. அதில் சென்ற 24 வயதுப் பெண் குளிர்நீரில் விழுந்து மாண்டார். திசைதிருப்பும் அமைப்பு உட்பட அப்படகில் பல பழுதுகள் இருந்தன. அதன் உரிமையாளரான இளைஞருக்கு 2018இல் நீதிமன்றம் 6 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பழைய படகின் பழுதைக் கவனியாமல் விடுவது பணநட்டத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அவ்வாண்டு அந்நாட்டில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தனர். மரணக் காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூவர் நீரில் மூழ்கியே மாண்டனர். அவ்வாறு மூழ்கியவர்களில், விவரம் தெரிந்தவர்களைப் பொறுத்தவரை, 87 விழுக்காட்டினர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை.

எதைச் சோதிக்க வேண்டும்?

இவ்வளவு அறிந்த பின்னும் பழைய படகைப் பார்க்கச் செல்கிறீர்களா? வண்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பின்வருவனவற்றைப் பாருங்கள்.

முதலாவது, உடல். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில், அடிப்பாகத்தைத் தாங்கும் நீளச்சட்டங்களும் இயந்திரத்தைத் தாங்கும் பின்சுவரும் ஃபைபரால் மூடப்பட்ட மரத்தாலானவை. சிறு துளை வழியே நீர் புகுந்தாலும் மரம் உள்ளேயே மக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென ஒலிக்கும். மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும். அலைமீது துள்ளித் துள்ளி ஓடிய படகாயின், மூலைகளில் விரிசல்கள் காணப்படும்.

இரண்டாவது, இயந்திரம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இருக்கலாகாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், உள்ளே நீர் புகுந்திருக்கிறது. உப்புநீரில் ஓடிய படகில் புகைக்குழாய்த் தொகுதி அரித்து, அதன் வழியே நீர் இயந்திரத்தில் இறங்கும் அபாயமும் உண்டு. பந்தயத்திறன் மிக்க இயந்திரங்கள் சிலவற்றைச் சில நூறு மணிநேர ஓட்டத்திலேயே முழுவதும் பிரித்துச் சீரமைக்க வேண்டியிருக்கும். ஆகவே, பழுதுபார்த்த ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பின்புற உந்தி. இயந்திரம் படகினுள்ளும் உந்தி வெளியிலும் அமைந்த வகையில், இரண்டையும் இணைக்குமிடத்தில் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை இருக்கும். அது வெடித்தால், கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்கக்கூடும்.

நான்காவது, பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் தங்கி, ஒரு தீப்பொறியில் வெடிக்கும். இயந்திரத்தை முடுக்குமுன் காற்றூதியை நான்கு நிமிடமாவது ஓட்ட வேண்டும் என்பது அதனால்தான். மலிவு கருதிக் கார் உதிரிபாகங்களைப் பொருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். காருக்கான மின்பாகங்கள் தீப்பொறியைத் தடுக்கும்படி செய்யப்பட்டவை அல்ல.

இவற்றையெல்லாம் நாமே கண்டறிய இயலாது. விற்பவருக்கு வேண்டாத, தனித்த படகு மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்தி, நீரில் ஓட்டியும் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது. உடலில் பொறித்த அடையாள எண் பத்திரத்தோடு ஒத்திருக்கிறதா, படகின் பேரில் கடன் நிலுவை உள்ளதா என்பதையும் சரிபாருங்கள்.

விலைக்குப் பின் வரும் செலவு

பெட்ரோல் இயந்திரம் முழுவேகத்தில் ஓடும்போது, 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு கேலன் என்று ஏறத்தாழக் கணக்கிடுவர். 400 குதிரைத்திறனுக்கு மணிக்கு 40 கேலன். அதாவது 150 லிட்டர். இதனுடன் காப்புறுதி, நிறுத்துமிட வாடகை, குளிர்காலப் பராமரிப்பு ஆகியவற்றையும் கூட்டுங்கள். முன்னனுபவம் இல்லாதவரின் விரைவுப் படகுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் மிகுந்த கட்டணம் கேட்கும், மறுப்பதும் உண்டு. மலிவாகக் கிடைத்த படகு வீண்விரயமாக மாறுவதற்கு ஒரு கோடைகாலம் போதும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஆசையைத் துறக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறோம். முதலில் பயிற்சி. பிரிட்டனில் ராயல் யாட்டிங் அசோசியேஷனின் இரண்டாம் நிலை இயந்திரப் படகுப் பயிற்சி இரண்டே நாள்களில் முடிவது. அமெரிக்க மாநிலங்களிலும் பாதுகாப்பு வகுப்புகள் நடைபெறுகின்றன. அடுத்து, 17 முதல் 19 அடி நீளமும் மிதமான திறனும் கொண்ட எளிய குடும்பப் படகு. அதில் இரண்டு பருவங்கள் ஓட்டிக் காற்றையும் நீரோட்டத்தையும் துறையில் கட்டும் முறையையும் பழகுங்கள். அதன்பின்னும் வேகத்தின் மீது விருப்பம் குறையாதிருந்தால், அப்போது வீட்டாரோடு மஷூரா செய்து முடிவெடுங்கள். கடலில் அச்சப்படும் மனைவியின் சொல்லையும் அந்தச் சபையில் கேளுங்கள்.

எந்தப் படகானாலும் குழந்தைகளுக்கு உடலளவுக்கேற்ற உயிர்காப்புச் சட்டை கட்டாயம். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்டோர் அதை அணிய வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 26 அடிக்குக் குறைந்த, நிறுத்துக் கருவி பொருத்திய படகுகளில் அதன் கயிற்றை ஓட்டுபவர் அணிவதும் அங்கு 2021 ஏப்ரல் முதல் சட்டமாகியுள்ளது.

ஆகவே, படகு பார்க்கச் செல்லும் நாளில் எவ்வளவு வேகம் ஓடும் என்று முதற்கேள்வி கேட்காதீர்கள். நிறுத்துக் கயிறு எங்கே என்று கேளுங்கள். அதை உங்கள் உடலில் மாட்டி, இயந்திரம் ஓடும்போது இழுத்துப் பாருங்கள். இயந்திரம் உடனே நிற்கவில்லையென்றால், அந்தப் படகை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புங்கள்.