மழையிடம் தோற்ற தளபதி



நம்ம திருத்தங்கல்ல நாலு நாள் விடாம மழை பெய்தா என்ன ஆகும்? பட்டாசு ஆபீஸ்ல மருந்து காயாது. வேலை நிற்கும். வேலை இல்லைன்னா சனிக்கிழமை சம்பளமும் இல்லை. இந்த மழையும் மருந்தும் சம்பளமும் சேர்ந்து ஒரு பெரிய தளபதியையே தோற்கடித்திருக்கின்றன. அதைத்தான் எழுதுகிறேன்.

யார் அந்தத் தளபதி?

பிரெஞ்சுத் தளபதி லாலி. மூன்றாம் கர்நாடகப் போர் என்று வரலாற்றுப் பாடத்தில் வருமே, அதில் வருபவர். 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஜூன் மாதமே கடலூர் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துவிட்டார். அடுத்த குறி சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை.

மழைக்காலத்தில் ஏன் போனார்?

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. வடகிழக்குப் பருவக்காற்று அடித்தால் கப்பல்கள் நம் கரையில் நிற்க முடியாது. அதனால் ஆங்கிலேயர் கப்பல்கள் பம்பாய்க்குப் போயிருந்தன. உதவிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று லாலி நினைத்தார். ஆனா அவருடைய கப்பல்களும் மொரீசியஸ் போய்விட்டன!

1758 டிசம்பர் 14, மார்கழிக் குளிர். கோட்டைக்கு வெளியே நம் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்குள் பிரெஞ்சுப் படை புகுந்தது. வீடுகளைக் கொள்ளையடித்தார்கள். சாராயம் குடித்துத் தள்ளாடினார்கள். அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயர் வெளியே வந்து தாக்கினார்கள். இரண்டு பக்கமும் நிறையப் பேர் விழுந்தார்கள். ஆனாலும் நகரம் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது.

ஜனவரியில் பீரங்கிகள் வெடித்தன. மதிலிலும் உடைப்பு விழுந்தது. லாலி "உள்ளே பாயலாம்" என்றார். அவருடைய அதிகாரிகளோ "முடியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

தோற்றதற்குக் காரணங்கள்

1. சம்பளம்: சிப்பாய்களுக்குப் பல மாதப் பாக்கி. முற்றுகை முடிந்த பிறகும் பாக்கி தீரவில்லை; 1759 அக்டோபரில் சொந்தப் படையே சம்பளம் கேட்டுக் கலகம் செய்தது.

2. மருந்து: வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் மூன்றும் சேர்ந்ததுதான் வெடிமருந்து. இது நம்ம ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோட்டைக்குள் அது ஏராளமாக இருந்தது. ஆங்கிலேயர் 1,700 பீப்பாய்க்கு மேல் செலவழித்தார்கள். லாலியிடமோ கடைசியில் தீர்ந்துபோகும் நிலை.

3. முதுகுப்பக்கம்: பனையூரில் பிறந்த மருதநாயகம், அதாவது கான் சாகிப், அப்போது ஆங்கிலேயர் படையில் இருந்தார். அவரும் கய்லாடும் செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கம் இருந்து லாலிக்கு உணவு வரும் வழியை மறித்தார்கள்.

4. கப்பல்: 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயர் கப்பல்கள் வந்துவிட்டன. மறுநாளே லாலி பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். காயம்பட்ட தன் வீரர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எதிரிக்கே கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு என்ன ஆச்சு?

1760-ல் வந்தவாசியில் தோல்வி. 1761-ல் புதுச்சேரியும் போனது. 1766-ல் சொந்த நாடே பாரிசில் லாலியின் தலையை வெட்டியது. ஜெயித்த பக்கம் நின்ற மருதநாயகமாவது நன்றாக இருந்தாரா? ஆங்கிலேயரை எதிர்த்ததும் 1764-ல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

திருக்குறளில் 'அரண்' அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கோட்டைக்குள் சாப்பாடு வேண்டும் என்று வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார். வெளியே நின்று தாக்குகிறவனுக்கும் அது வேண்டும் என்பதை லாலி மறந்துவிட்டார்.

இந்தக் கதையை எங்க அம்மாகிட்ட சொன்னேன். திரி பின்னிக்கொண்டே கேட்டாங்க. "கூலி குடுக்காம எவன் வேலை பார்ப்பான்? அது சரி, அந்த வெளியூட்டுச் சனங்க என்ன ஆனாங்க?" என்றாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தில் தளபதிகள் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, எத்தனை பீப்பாய் மருந்து என்றுகூட இருக்கிறது. மதிலுக்கு வெளியே வீட்டைப் பறிகொடுத்தவர்களில் ஒருத்தர் பெயரும் நான் படித்ததில் இல்லை.

இனிமேல் போர்ப் பாடம் படிக்கும்போது யார் ஜெயித்தார் என்பதோடு, அம்மா கேட்ட கேள்வியையும் சேர்த்துக் கேட்போமா?



— ஒன்பதாம் வகுப்பு மாணவி