அந்தியில் மலரும் அரிய மலர்

அந்தி மந்தாரையை அறியாதார் யார்? அதனைப் போலவே மாலையில் மலரும் பூவொன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உண்டு. அதன் பெயர் அன்டியாக் ஈவினிங் பிரிம்ரோஸ். சான் வாக்கின் ஆற்றங்கரையிலுள்ள அன்டியாக் மணற்குன்றுகளே அதன் தாயகம்.

பொழுது சாய்ந்ததும் அதன் வெண்ணிற இதழ்கள் நான்கும் விரியும். மணத்தை நாடி வரும் அந்துப்பூச்சிகள் தேன் பருகி, மகரந்தத்தைப் பூவுக்குப் பூ சுமந்து செல்லும். வாடும்போது வெண்மை மாறி இதழ்கள் இளஞ்சிவப்பாகும்.

இச்செடியின் விதை முளைக்கக் களையற்ற, இளகிய மணல் வேண்டும். ஆனால் 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரம் அழிந்தபின், அதனை மீண்டும் கட்டச் செங்கல் தேவைப்பட்டது. அதற்காகக் குன்றுகளின் மணல் பெருமளவில் அள்ளப்பட்டது. எஞ்சிய மணலிலோ அயல்நாட்டுக் களைகள் அடர்ந்து, நாற்றுகளை நெருக்கின.

1978-இல் இது அழியும் நிலையிலுள்ள தாவரமென அரசு அறிவித்தது. 1980-இல் அங்கே ஒரு காப்பகம் அமைந்தது. அருகிவரும் செடிகளையும் பூச்சிகளையும் காப்பதற்கென்றே அந்நாட்டில் அமைந்த முதல் தேசியக் காப்பகம் அதுவே. ஆற்றில் தூர்வாரிய மணலைக் கொட்டிக் குன்றுகளை மீண்டும் எழுப்பும் பணி 2013-இல் தொடங்கியது.

தோழியரே, மலரைப் பறிக்காமல் விட்டால் மட்டும் போதாது. அது வேரூன்றும் மண்ணையும் விட்டுவைக்க வேண்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி