பிடியும் பிடிமானமும்

அம்மி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் அரைபடுவதில்லை. உளி கொண்டு புள்ளி புள்ளியாகக் கொத்தியபின் அதே கல் மீண்டும் நன்றாக அரைக்கிறது. இந்த எளிய நுட்பமே கைத்துப்பாக்கியின் பிடியிலும் கையாளப்படுகிறது என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

முன்னாளில் கைத்துப்பாக்கியின் சட்டகம் உலோகத்தால் ஆனது. பிடியின் இருபுறமும் பெரும்பாலும் மரத்தகடுகள் இருந்தன. அவற்றில் சிறு கட்டங்களாகச் செதுக்கினர். தகடு கெட்டால் வேறொன்று பொருத்தினர். 1970இல் மேற்கு ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் பாலிமர்ச் சட்டகமுள்ள கைத்துப்பாக்கியை வெளியிட்டது. 1982இல் காஸ்டன் கிளாக் அமைத்த துப்பாக்கியை ஆஸ்திரிய இராணுவம் ஏற்றபின் இவ்வகை உலகெங்கும் பரவியது. இதன் எடை குறைவு, சட்டகம் துருப்பிடிப்பதில்லை. ஆயின் பிடியும் சட்டகமும் ஒரே வார்ப்பு.

சுடும்போது துப்பாக்கி பின்னுதைக்கிறது. வியர்த்த கைக்குள் அது சற்றே நகர்ந்தாலும் அடுத்த குறி பிசகும். ஆகவே சிலர் ரப்பர் உறை மாட்டுகின்றனர். சிலர் சொரசொரப்பான பட்டை ஒட்டுகின்றனர். வேறு சிலரோ, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலின் நுனியால் பிடியெங்கும் புள்ளிகளை உருக்கிப் பதிக்கின்றனர்.

முதல் இரண்டையும் வேண்டாதபோது அகற்றிவிடலாம். மூன்றாவதை அகற்ற இயலாது. பிடியின் உட்புறம் தோட்டாக்கூடு செல்லும் வழி, சுவரோ மெல்லியது. சூடு மிகுந்தால் சுவர் நலிவுறும். சொரசொரப்பு மிகுந்தால் உள்ளங்கை புண்படும். இவ்வாறு மாற்றிய துப்பாக்கிக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் பொதுவாக நிலைப்பதில்லை. கையின் அளவுக்கேற்ப மாற்றத்தக்க பின்தகடுகளைக் கிளாக் நிறுவனமே 2010 முதல் வழங்கிவருகிறது.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். எனினும் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரு வெண்கலங்கள் வென்றபின், காற்றுத்துப்பாக்கிப் பயிற்சியை நாடும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். போட்டிக்குரிய காற்றுத்துப்பாக்கியின் பிடி பெரும்பாலும் மரமே. அதை அராவியும் மரப்பசை நிரப்பியும் கைக்கேற்ப அமைக்கின்றனர். ஆயினும் பிடி கையைச் சுற்றி வளைக்கலாகாது என்பது போட்டி விதி.

பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே. பிள்ளையின் கை இன்னும் வளரும். பிடிக்கும் முறையும் பயிற்சியால் மாறும். பயிற்சியாளரைக் கேட்டு, அகற்றத்தக்க மாற்றங்களை முதலிற் செய்து பாருங்கள். அராவுவதையும் உருக்குவதையும் கை நிலைபெற்றபின் வைத்துக்கொள்ளலாம்.