இடக்கையும் வலக்கைத் துப்பாக்கியும்

இவ்வுலகம் வலக்கையருக்காகவே ஆக்கப்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது. கத்தரிக்கோலின் அலகும் பிடியும் வலக்கைக்கு ஏற்றவை. எழுதும் பலகை பொருத்திய நாற்காலிகளில் அப்பலகை பெரும்பாலும் வலப்புறமே இருக்கும். புதுமணப்பெண் வலது காலை எடுத்து வைத்தே வீட்டினுள் நுழைகிறாள். வலக்கையைச் 'சோற்றுக்கை' என்று அன்போடு அழைக்கும் நாம், இடக்கைக்கு வழங்கும் பெயர்களை இம்மலரில் எழுதவும் கூசுகிறோம். எவரேனும் முரண்டு பிடித்தால் 'இடக்குப் பண்ணாதே' என்கிறோம். அச்சொல்லிலும் இடக்கையின் சாயலே காதில் விழுகிறது. ஆனால் மனிதருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர் என்பது அறிஞர் கணிப்பு. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் நால்வர்! அந்த நால்வருக்கும் கருவிகளுக்கும் இடையே உள்ள வழக்கை ஒரே ஒரு கருவியைக் கொண்டு விளக்க விரும்புகிறோம். அக்கருவி துப்பாக்கி.

கன்னியர் நடத்தும் பள்ளியின் ஆண்டு மலரில் துப்பாக்கியா என்று அருட்சகோதரியரும் பெற்றோரும் திகைக்க வேண்டாம். குறி பார்த்துச் சுடுதல் 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே இடம்பெற்ற விளையாட்டு. நம் நாட்டில் 1948-இல் தேசிய மாணவர் படை தோன்றியது. மறு ஆண்டே மகளிர் பிரிவும் தொடங்கிற்று. அப்படையில் சேர்ந்துள்ள நாங்களும் பயிற்சியாளரின் மேற்பார்வையில் .22 ரைபிளைக் கொண்டு 25 கஜ தூரத்து இலக்கைச் சுடப் பழகுகிறோம். எங்கள் அணியில் இருவர் இடக்கையர். மற்றவர்கள் எளிதாகக் கையாளும் அதே ரைபிளோடு அவர்கள் படும் பாட்டைக் கண்ட பின்னரே, இது ஏன் என்று ஆராயத் தொடங்கினோம்.

தாழ்ப்பாள் போன்ற ஒரு பொறி

நாங்கள் பயன்படுத்தும் ரைபிள் 'போல்ட்' வகையைச் சேர்ந்தது. கதவுத் தாழ்ப்பாளை அறியாதார் யார்? இரும்புத் தண்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்தால் கதவு திறக்கும்; முன்னுக்குத் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். ரைபிளின் போல்ட்டும் அவ்வாறே. தூக்கு, இழு, தள்ளு, மடக்கு என்னும் நான்கு அசைவுகள். இழுக்கும்போது சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்று உறை வெளியே தெறித்து விழும். தள்ளும்போது புதிய தோட்டா குழலினுள் செல்லும். மடக்கியதும் குழலின் பின்வாய் இறுக மூடிக்கொள்ளும். வெடிக்கும் வேளையில் எழும் பேரழுத்தத்தைத் தாங்குவது இந்தப் பூட்டே.

1841-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட 'ஊசித் துப்பாக்கி' இவ்வகையின் முன்னோடி. அதை அமைத்தவர் டிரைசே என்பவர். 1898-இல் ஜெர்மானியப் படை ஏற்ற மௌசர் ரைபிள், பின்னர் வந்த எத்தனையோ ரைபிள்களுக்கு முன்மாதிரியாயிற்று. நம் நாட்டில் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் நெடுங்காலம் செய்யப்பட்டன. இவை யாவற்றிலும் போல்ட்டின் கைப்பிடி வலப்புறமே அமைந்தது. படை என்பது ஆயிரக்கணக்கானோர் ஒரே கருவியை ஒரே விதமாகக் கையாளும் இடம். பெரும்பான்மையோர் வலக்கையர். ஆகவே பல நாட்டுப் படைகளில் இடக்கையரையும் வலத்தோளில் வைத்துச் சுடும்படியே பயிற்றினர்.

வலக்கையருக்கு இந்த அமைப்பு எத்துணை வசதி! இடக்கை ரைபிளின் முன்பகுதியைத் தாங்குகிறது. கட்டையின் அடிப்பாகம் வலத்தோளில் பதிந்திருக்கிறது. வலக்கை விசையை அழுத்திவிட்டுச் சற்றே மேலெழுந்து போல்ட்டை இயக்கி, மீண்டும் விசைக்குத் திரும்புகிறது. தாங்கும் கை அசையவில்லை. கன்னம் கட்டையை விட்டு அகலவில்லை. கண்ணும் இலக்கை விடவில்லை.

இடக்கையர் படும் பாடு

இப்போது அதே ரைபிளை இடத்தோளில் வைத்துப் பாருங்கள். விசையில் இருப்பது இடக்கை. கைப்பிடியோ அப்பால் வலப்புறத்தில்! இடக்கையர்க்கு இரண்டே வழிகள். ஒன்று, விசையை விட்ட இடக்கையை ரைபிளின் மேலாக வளைத்து மறுபுறம் கொண்டுசென்று போல்ட்டை இயக்குவது. அப்படிச் செய்கையில் முன்கை கண்ணை மறைக்கும், தலையை உயர்த்த நேரிடும், இலக்கு தவறிப்போகும். மற்றொன்று, தாங்கிக்கொண்டிருக்கும் வலக்கையை எடுத்துப் போல்ட்டை இயக்குவது. அப்போது ரைபிளின் முனை தாழ்ந்துவிடும். தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு சுடும்போதோ அக்கையை எடுக்கவே இயலாது.

இன்னும் உண்டு. வெற்று உறை வெளியேறும் திறப்பும் வலப்புறமே இருப்பதால் அது இடக்கையரின் முகத்துக்கு முன்னால் இருக்கிறது. அரிதாகத் தோட்டாவின் உறை கிழிந்து சூடான வாயு கசிந்தால், அது அவர் முகத்துப் பக்கமே வரக்கூடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி எல்லாருக்கும் வேண்டும். இடக்கையருக்கு இரட்டிப்பாக வேண்டும். சில ரைபிள்களில் கன்னம் பதியும் மேடு வலக்கையருக்கென ஒரு பக்கம் மட்டுமே புடைத்திருக்கும். காப்புத் தாழும் பலவற்றில் வலக்கைக் கட்டைவிரலுக்கு எட்டும்படியே உள்ளது.

ஒவ்வொன்றும் சிறிய இடையூறுதான். ஆனால் அறுபது தோட்டாக்கள் சுடும் போட்டியில் அச்சிறு இடையூறு அறுபது முறை வருகிறதே! களைப்பும் தடுமாற்றமும் கூடக் கூட மதிப்பெண் குறைகிறது. பார்ப்பவரோ, 'இந்தப் பெண்ணுக்குக் கை ஓடவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார். இதுவே எங்களை வருத்தியது.

முதலில் கண்ணைக் கேளுங்கள்

இடக்கையர் எல்லாருமே இடத்தோளில் சுட வேண்டும் என்பதும் சரியன்று. நமக்குக் கைகளில் ஒன்று முந்துவது போலக் கண்களிலும் ஒன்று முந்தி நிற்கிறது. அதைத் தலைமைக் கண் எனலாம். இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவே சிறு முக்கோண இடைவெளி அமையுங்கள். இரு கண்களையும் திறந்து அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு பொருளை, ஆலயக் கோபுரத்து உச்சிச் சிலுவை என்று கொள்வோம், பாருங்கள். பிறகு இடக்கண்ணை மட்டும் மூடுங்கள். சிலுவை அங்கேயே தெரிந்தால் உங்கள் தலைமைக் கண் வலக்கண். மறைந்துபோனால் இடக்கண்.

இடக்கையராயினும் வலக்கண் தலைமை வகிப்பவர்கள் உள்ளனர். அவர்களுள் பலருக்கு வலத்தோளில் சுடுவது இயல்பாக அமைந்துவிடலாம். கையும் கண்ணும் இரண்டுமே இடமாயின் இடத்தோளே பொருந்தும். ஆகவே பழக்கத்தைத் தொடங்குமுன் இச்சோதனையைச் செய்வது நலம்.

கண்ணாடியில் கண்ட ரைபிள்

இடக்கையருக்கென்றே செய்த ரைபிள் எப்படியிருக்கும்? வலக்கை ரைபிளை முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நிறுத்தினால் தெரியும் உருவமே அது. போல்ட்டின் கைப்பிடி இடப்புறம்; உறை வெளியேறும் திறப்பும் இடப்புறம்; கன்ன மேடு மறுபக்கம். கைப்பிடியை மட்டும் இடம் மாற்றினால் போதாது. போல்ட் பொருந்தும் உலோக உடலையே தலைகீழான அளவுகளில் தனியாகக் கடைந்தெடுக்க வேண்டும். வாங்குவோர் சிலரே என்பதால் தொழிற்சாலைகள் தயங்கின, விலையும் ஏறிற்று.

அமெரிக்காவின் சேவேஜ் நிறுவனம் 1958-இல் '110' என்னும் போல்ட் ரைபிளை வெளியிட்டது. மறு ஆண்டே அதன் இடக்கை வடிவத்தையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெருந்தொகையில் ரைபிள் செய்யும் தொழிற்சாலை இடக்கையரையும் எண்ணிப் பார்த்தது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! இன்று ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆன்ஷூட்ஸ், பின்லாந்தின் டிக்கா முதலிய நிறுவனங்களும் இடக்கை ரைபிள்களைச் செய்கின்றன. எனினும் வலக்கையருக்குக் கிடைக்கும் வகைகளோடு ஒப்பிட்டால் இவை குறைவே.

மாறுவது எளிதா?

பல்லாண்டுகள் வலக்கை ரைபிளோடு பழகிய ஓர் இடக்கையருக்கு இடக்கை ரைபிள் கிடைத்துவிட்டது. அன்றே அவர் சிறந்து விளங்குவாரா? இல்லை. இங்கேதான் வியப்பு. அவருடைய இடக்கை பழைய நினைவில் ரைபிளின் மேலாக வளைந்து வலப்புறம் செல்கிறது. அங்கே கைப்பிடி இல்லை! வீட்டில் விளக்கின் சுவிட்சை வேறு சுவருக்கு மாற்றிய பின்னும் இருட்டில் நம் கை பழைய சுவரையே தடவுகிறதல்லவா? அது போன்றதே இதுவும். தவறான வழியானாலும் கை அதை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. ஆதலால் மறப்பதற்கும் காலம் வேண்டும்.

இதற்கு வழி வெற்றுப் பயிற்சி. குழலிலும் தோட்டா அறையிலும் ஒன்றும் இல்லை என்று இருமுறை சோதித்து, தோட்டாக்களை வேறிடத்தில் வைத்துவிட்டு, முனையைப் பாதுகாப்பான திசையில் நிறுத்தி, நான்கு அசைவுகளையும் மெதுவாக எண்ணி எண்ணிச் செய்ய வேண்டும். விரைவு தானே வரும். அதைத் துரத்தக் கூடாது. காப்புத் தாழ் எப்பக்கம் உள்ளது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரிய வேண்டும். அவசரத்தில் பழைய இடத்தைத் தேடுவது ஆபத்து. புதிய பழக்கம் ஊன்றும்வரை பழைய ரைபிளைத் தொடாதிருப்பது நல்லது. அதிர்ச்சி குறைந்த .22 ரைபிளில் தொடங்கினால் கவனம் கையசைவிலேயே நிற்கும். இவை யாவும் பயிற்சியாளர் அருகில் இருக்கும்போது மட்டுமே செய்யத் தக்கவை.

சில இடக்கையர்கள் வலக்கை ரைபிளிலேயே நல்ல தேர்ச்சி பெற்று, மாற விரும்பாமல் இருப்பதும் உண்டு. அவர்களை மாறும்படி வற்புறுத்துவதும் முறையன்று. வலக்கையாகட்டும், இடக்கையாகட்டும், கட்டாயம் கட்டாயமே.

வரலாறு காட்டும் இருவகை

'கை பழகினால் எதுவும் வரும். பிறகேன் தனிக் கருவி?' என்று கேட்போர் ஹங்கேரி நாட்டுக் காரோய் தாகாச்சை எடுத்துக்காட்டுவர். வலக்கையால் கைத்துப்பாக்கி சுடுவதில் வல்லவரான அவரது அக்கையை 1938-இல் ஒரு வெடிகுண்டு சிதைத்துவிட்டது. அவர் சோர்ந்துவிடாமல் இடக்கையால் சுடப் பயின்று, 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம் வென்றார். கேட்கும்போதே மெய் சிலிர்க்கிறது. ஆனால் அவர் கை மாற்றியது விபத்தால், வேறு வழியில்லாமல். வழியிருக்கும்போதே ஒரு குழந்தையை அந்நிலைக்குத் தள்ளுவது நியாயமாகுமா?

மற்றொரு சான்று நம் விவிலியத்திலேயே உள்ளது. நீதித் தலைவர்கள் நூலின் இருபதாம் அதிகாரத்தில் பென்யமின் குலத்தின் படைவீரர் எழுநூறு பேர் பேசப்படுகின்றனர். அவர்கள் அனைவரும் இடக்கையர். மயிரிழையும் பிசகாமல் கவண் எறிபவர்கள். பென்யமின் என்னும் பெயருக்கோ 'வலக்கையின் மகன்' என்று பொருள்! அவர்களின் குறி ஏன் தவறவில்லை? கவணுக்கு வலப்புறம், இடப்புறம் என்பது இல்லை. எக்கையில் எடுத்தாலும் அது இணங்கிச் சுழலும். கருவி தடையாக நில்லாத இடத்தில் இடக்கை எவருக்கும் இளைத்ததன்று என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

நாங்கள் கற்றது

எங்கள் பள்ளி அணிக்கு இடக்கை ரைபிள் வரப்போவதில்லை என்பதை அறிவோம். எனினும் பயிற்சியாளர் எளிய வழியொன்றைக் காட்டினார். ரைபிளின் முன்பகுதியை மணல் மூட்டையின்மேல் நன்கு அமர்த்தினார். தாங்கும் வேலையை மூட்டை ஏற்றுக்கொண்டதால் எங்கள் தோழியரின் வலக்கை விடுதலை பெற்றது. இடக்கை பிடியிலேயே இருக்க, வலக்கை போல்ட்டை இயக்கிற்று. அவர்களுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகவும் அளித்தார். இருவரின் குண்டுகளும் இலக்கில் நெருங்கி விழுந்தன. ஒரு மணல் மூட்டையும் ஒரு நிமிடமும்! வேறு செலவில்லை.

அன்புத் தாய்மாரே, தந்தையரே, இடக்கையில் பென்சிலை எடுக்கும் குழந்தையின் விரலைத் தட்டுமுன் ஒரு கணம் பொறுங்கள். அன்புத் தோழியரே, உங்கள் அருகில் தடுமாறும் ஒருத்தியைக் கண்டால், குறை அவள் கையிலா, நாம் கொடுத்த கருவியிலா என்று முதலில் பாருங்கள். கருவியை மாற்ற இயலாத இடத்தில் ஒரு மணல் மூட்டையையாவது தேடிக் கொடுப்போம்.