முதல் மழையில் பைக் ஏன் வழுக்குகிறது?

சித்திரை, வைகாசியில் ஜலகண்டாபுரம் பக்கம் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சில நாள் சாயங்காலம் காற்றும் இடியுமாகக் கோடை மழை கொட்டித் தீர்க்கும். தறிவேலை முடித்து, துணிக்கட்டைப் பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு தாரமங்கலம், எடப்பாடி சாலைகளில் திரும்புகிறவர்கள் அந்த மழையின் முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

வாரக்கணக்கில் வண்டிகள் சிந்திய ஆயிலும் டயர்த் துகளும் புழுதியும் தார்ச்சாலையில் படிந்திருக்கும். முதல் தூறல் பட்டதும் அவை வழவழவென்று இளகிவிடும். மழை வலுத்து அவற்றைக் கழுவிய பிறகே பிடிப்பு ஓரளவு திரும்பும். டயர் தரையைத் தொடுவதோ உள்ளங்கை அளவு இடத்தில். திரும்புவதும் நிற்பதும் அந்த இடத்தை நம்பித்தான்.

அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளத்தான் டயரில் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். குனிந்து பாருங்கள்: பள்ளத்தின் அடியில் குறுக்காகச் சின்ன ரப்பர் மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். இருசக்கர வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மி.மீ.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 20 மீட்டரில் நிற்கும். ஈரச் சாலையில் 35 மீட்டர்கூட ஆகலாம். வேகத்தை 40-க்குக் குறைத்தால் அதே ஈரத்தில் 16 மீட்டர் போதும்.

125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் ஏ.பி.எஸ். என்ற பிரேக் அமைப்பு கட்டாயம். சக்கரம் சுழலும் வேகத்தை ஒரு சென்சார் கவனிக்கும். சக்கரம் இறுகி நிற்கப்போகிறது என்றால், ஏ.பி.எஸ். பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும். ஆனால் சாலையில் இல்லாத பிடிப்பை அதனாலும் உண்டாக்க முடியாது. ஆகவே இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல அழுத்துங்கள். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, வளைவில் சேர்ந்த மணல் ஆகியவற்றின்மேல் வண்டியைச் சாய்க்காதீர்கள்.

இடி இடித்தால் புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள். உயரமான மரம் மின்னலை இழுக்கும். கடையோ, வீடோ, பட்டறையோ, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் பொறுத்துக் கிளம்பினால் சாலையும் கொஞ்சம் கழுவப்பட்டிருக்கும். வீட்டில் காத்திருப்பவர்களுக்காக அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள்.