இஞ்சி தெளியட்டும், எலுமிச்சை காத்திருக்கட்டும்

வீட்டில் செய்த இஞ்சி எலுமிச்சை சர்பத் கலங்கலாக, நாக்கில் மாவு ஒட்டுவதுபோல, முடிவில் லேசான கசப்போடு இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பிழிந்த இஞ்சிச் சாற்றை எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்? பெரும்பாலும் பதில், "வைக்கவே இல்லையே, உடனே பாகில் ஊற்றிவிட்டேன்" என்பதாக இருக்கும். அந்தச் சாறு அரை மணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேடையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். திரும்பி வரும்போது அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். அதன் மேல் நிற்கும் தெளிந்த சாற்றை மட்டும் மெல்லச் சாய்த்து எடுத்துக்கொண்டு, அடியில் இருப்பதை விட்டுவிட வேண்டும்.

அந்த வண்டலைச் சுண்ணாம்பு என்று சொல்லி, வயிற்றுக்கு ஆகாது என்று கொட்டுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. கொட்டுவது சரி. ஆனால் அது சுண்ணாம்பு இல்லை. திருச்சி பொன்மலையில் வேதியியல் ஆசிரியையாக இருந்தபோது, மாவுப்பொருள் சோதனைக்கு உருளைக்கிழங்கோடு இஞ்சி வண்டலையும் ஒரு தட்டில் கொண்டுபோவேன். அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விட்டதும் இரண்டுமே கருநீலமாக மாறும். "டீச்சர், இஞ்சியிலும் மாவு இருக்கா?" என்று பிள்ளைகள் வியப்பார்கள். இஞ்சி மண்ணுக்கடியில் விளையும் தண்டு. அடுத்த பருவத்தில் முளைவிடத் தேவையான உணவை மாவாகத்தான் சேர்த்து வைத்திருக்கும். அதைச் சூடான பாகில் கொட்டினால் கஞ்சி காய்ச்சியதற்குச் சமம். வெந்த மாவு பாகைக் கெட்டியாக்கும், கலக்கும், இஞ்சியின் கூர்மையையும் மூடிவிடும்.

இஞ்சியைப் பார்த்து வாங்குவதற்கும் பருவம் தெரிய வேண்டும். பொங்கல் சமயத்தில் மஞ்சள் கொத்தோடு இஞ்சிக் கொத்தும் பச்சை இலையோடு வரும். அந்த இளம் இஞ்சி தோல் மெல்லியது, நார் குறைவு, காரமும் குறைவு. சித்திரை, வைகாசியில் நமக்குத் தாகம் எடுக்கும்போது கடையில் கிடைப்பது முற்றிய பழைய இஞ்சி. நார் இழுக்கும், காரம் சுள்ளென்று ஏறும், வண்டலும் அதிகம். சர்பத்துக்கு நான் முற்றியதைத்தான் விரும்புகிறேன். சுருங்கிப்போனதும் பூஞ்சை பிடித்ததும் வேண்டாம். ஒடித்தால் 'பட்'டென்று ஒடிய வேண்டும். தோலை ஒரு ஸ்பூன் முனையால் சுரண்டினால் போதும், கத்தி வைத்துச் சீவினால் பாதி சதையும் போய்விடும்.

எலுமிச்சைக்கு வருவோம். காந்தி மார்க்கெட்டில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரத் தம்பி ஒருமுறை சொன்னார்: "டீச்சர், கலரைப் பாக்காதீங்க. கையில வச்சு கனத்தப் பாருங்க." சரியான பேச்சு. ஒரே அளவுள்ள இரண்டு பழங்களில் கனமானதில்தான் சாறு இருக்கும். தோல் வழவழப்பாக, மெல்லியதாக, அழுத்தினால் கொஞ்சம் அமுங்குவதாக இருக்க வேண்டும். தடித்த சொரசொரப்பான தோல் ஊறுகாய்க்குப் போகட்டும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன சந்தை. ஆனால் எந்த ஊர்ப் பழமானாலும் கோடையில் விலை ஏறத்தான் செய்யும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அதுவே தேவைப்படுவதால். அதனாலேயே ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. நறுக்குமுன் பழத்தை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். உள்ளே சாறு நிறைந்த சிறு பைகள் உடைந்து, பிழியச் சுலபமாக இருக்கும்.

இனி அளவு. இஞ்சி 150 கிராம், தோல் சுரண்டி வில்லைகளாக நறுக்கி, 150 மில்லி தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் இறுக்கிப் பிழியுங்கள். சாறு தெளியட்டும். அரைக் கிலோ சர்க்கரையில் 100 மில்லி தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கரையுங்கள். அழுக்கு நுரை வந்தால் எடுத்துவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், கரைந்து கொதித்தால் போதும். இப்போது தெளிந்த இஞ்சிச் சாற்றை ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அதிக நேரம் கொதித்தால் காரம் மழுங்கி ஒரு வேகவைத்த வாசம் வந்துவிடும். ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குக் கவலையில்லை. ஏறக்குறைய இருபது டம்ளருக்கு வரும்.

பாட்டிலில் எலுமிச்சை இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தக் கட்டுரையில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் இதுதான். எலுமிச்சையைப் பாகோடு சேர்த்துக் காய்ச்சுவதும், மொத்தமாகப் பிழிந்து பாட்டிலில் கலந்து வைப்பதும் பரவலான வழக்கம். புளிப்பு தங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் எலுமிச்சை என்று உணர்வது புளிப்பை மட்டுமல்ல. பிழியும்போது தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெயின் வாசமும் சேர்ந்ததுதான் எலுமிச்சை. சூட்டில் அந்த வாசம் பறந்துவிடும். வைட்டமின் சி-யும் சூட்டிலும் காற்றிலும் குறையும். போதாக்குறைக்கு, எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களின் சாற்றில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்து வைத்த பிறகு அந்தப் புளிப்பிலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். பிழிந்த உடனே நன்றாக இருந்த ஜூஸ் சாயங்காலம் கசப்பது இதனால்தான். விதை நசுங்கினாலும், தோலுக்குள் இருக்கும் வெள்ளைப் பகுதி சிதையும் அளவுக்குப் பிழிந்தாலும் கசப்பு இன்னும் கூடும். ஆகவே ஒவ்வொரு டம்ளருக்கும் அந்தந்த நேரத்தில் பிழிய வேண்டும். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு பழத்தை நறுக்கினால் போதும்.

ஒரு டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாகு, ஒரு மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, மேலே பானைத் தண்ணீர். உப்பை விட்டுவிடாதீர்கள். அது உப்புக் கரிக்க அல்ல, கசப்பை அமுக்க. பல நாக்குகளுக்கு அதனால் இனிப்பும் துலக்கமாகத் தெரியும். பச்சை இஞ்சி வாசம் வேண்டுபவர்கள் ஒரு சில்லு இஞ்சியைத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். புதினா இலையைக் கையில் ஒரு முறை தட்டிப் போட்டால் போதும், கசக்கினால் பச்சைக் கசப்பு இறங்கும்.

குளிர்ந்த இந்தப் பானம் தொண்டையில் சுடுகிறதே, எப்படி? நம் நாக்கிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. மிளகாயின் காரப்பொருள் பட்டாலும் அதே முனைகள் 'சூடு' என்றே மூளைக்குச் சேதி சொல்லும். அந்த முனைகளில் இருக்கும் உணர்வியைக் கண்டறிந்ததற்காகத்தான் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சரால் அதே உணர்வியைத்தான் தொடுகிறது. அமிலம் பட்டால் அந்த உணர்வி இன்னும் எளிதாகத் தூண்டப்படும். எலுமிச்சை சேர்ந்தால் இஞ்சி கூடுதலாக உறைப்பது இதனால்தான். யாரோ சமையலறையில் நாக்கை மட்டும் நம்பிச் சேர்த்துவைத்த இந்த ஜோடிக்கு நரம்பிலேயே உறவு இருக்கிறது என்று படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை வகுப்பறையில் பங்கிட முடியாமல் போயிற்று, ஓய்வு பெற்றுவிட்டேன். அதை இங்கே எழுதக் கிடைத்ததில் நிறைவு.

சோடா ஊற்றுவதென்றால் கடைசியில், டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக ஊற்ற வேண்டும். பாகையும் எலுமிச்சையையும் முன்பே கலக்கி வைத்துவிடுங்கள், சோடா விழுந்த பிறகு ஸ்பூனைப் போட்டு ஆட்டினால் வாயு முழுக்கப் போய்விடும். கோலி சோடா கிடைக்கும் ஊர்க்காரர்களுக்கு என் பொறாமை கலந்த வாழ்த்து. அதன் சுருக்கென்ற வாயுவுக்கு இஞ்சி அவ்வளவு பொருத்தம்.

பொன்மலையில் வாழ்ந்துவிட்டு ஜிஞ்சர் ஒயினைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை 1928இல் இங்கே வந்தது. ரயில்வே வேலையோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இங்குள்ள ரயில்வே காலனியில் வாழ்ந்தன. எங்கள் அடுத்த வீட்டு ஆன்டி கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் முன்பே அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்றுவார். தட்டிய இஞ்சி, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு எல்லாம் தண்ணீரில் கொதிக்கும். வடிகட்டிச் சர்க்கரை சேர்ப்பார். தனியாகக் கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினால் செம்பழுப்பு நிறம் வந்துவிடும். எலுமிச்சைச் சாறு? "ஃபயர் ஆஃப் பண்ணி, நல்லா ஆறட்டும் மா, அப்புறம்தான் லைம்" என்பார். எலுமிச்சைக்கு அடுப்பு ஆகாது என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். புத்தகம் பிறகுதான் வந்தது. அந்த ஒயினில் ஒரு சொட்டு மது கிடையாது. கேக்கோடு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். குடித்ததும் காது வரை சூடேறும். மார்கழிக் குளிருக்கு அது. கோடைக்கு அதையே நாலு பங்கு குளிர்ந்த தண்ணீரில் கலந்து குடித்துப் பாருங்கள்.

மது இல்லாமல் செய்கிறோம் என்பதற்காக ஓர் எச்சரிக்கையும் அவசியம். இனிப்பும் இஞ்சியும் சேர்ந்த தண்ணீரை வெளியில் வெப்பத்தில் வைத்தால், இஞ்சித் தோலிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் வேலை தொடங்கிவிடும். சர்க்கரையைத் தின்று வாயுவையும் சிறிதளவு ஆல்கஹாலையும் உண்டாக்கும். இங்கிலாந்தில் வீடுகளில் ஜிஞ்சர் பியர் செய்தது இப்படித்தான். அதை நொதிக்க வைக்கும் கட்டிக்குள் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூடி வாழ்கின்றன என்று 1892இல் விளக்கியவர் தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்டு. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: பாகு அடர்த்தியாக இருக்கும்வரை ஈஸ்ட்டால் எளிதில் வளர முடியாது. தண்ணீர் கலந்த சர்பத்தை மட்டும் மூடிய பாட்டிலில் வெளியே வைக்கவே கூடாது. நொதிக்கும், கண்ணாடியாக இருந்தால் அழுத்தத்தில் வெடிக்கவும் செய்யும். கலந்ததை அன்றே குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

சர்க்கரையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி பாகில் ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஆகவே இது ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் பானம், தாகத்துக்கெல்லாம் குடிப்பதல்ல. நீரிழிவு உள்ள என் கணவருக்குப் பாகே கிடையாது. தெளிந்த இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, ஒரு மூடி எலுமிச்சை, உப்பு, வறுத்துப் பொடித்த சீரகம். வெயிலில் போய்விட்டு வருகிறவருக்கு அது இன்னும் நன்றாகத் தாகம் தணிக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வயிற்றுப்புண் இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இஞ்சியை அளவுக்கு மேல் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வெல்லம் பிடிக்கும் என்றால் பானகம் இருக்கிறதே. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சமயபுரம் மாரியம்மன் மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த தளிகை இல்லை. துள்ளு மாவு, இளநீரோடு அவளுக்குப் படைக்கும் பொருள்களில் பானகமும் ஒன்று. அதில் பச்சை இஞ்சிக்குப் பதில் சுக்கு. இஞ்சி காயும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் காரமானது. ஆகவே சுக்குப் பொடி கால் தேக்கரண்டி ஒரு செம்புக்குப் போதும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி, மண்சட்டி எதுவானாலும் சரி.

பிழிந்த இஞ்சிச் சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நாள் வெயிலில் காயவைத்து டப்பாவில் எடுத்து வைத்தால் டீ கொதிக்கும்போது ஒரு சிட்டிகை போடலாம், ரசத்திலும் போடலாம். பிழிந்த எலுமிச்சை மூடிகளை உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்து ஜாடியில் போட்டுக் குலுக்கி வாருங்கள். அவ்வப்போது புது மூடிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். தோல் மெத்தென்று ஊறியதும் மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயில் தாளித்த கடுகும் பெருங்காயமும் சேர்த்தால் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தயார்.